ட்ரிப்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

இந்த முறை எடுத்துக்கொண்ட கடிதம் 29 வயதுப் பெண் ஒருவர் எழுதியது. அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் கர்ப்பம், 11-வது வாரம். ஆறாவது வாரத்தில் தொடங்கிய மசக்கை வாந்தி இன்னும் நிற்கவில்லை. தண்ணீர் குடித்தாலே திரும்பி வந்துவிடுகிறது. 54 கிலோ இருந்தவர் 49-க்கு இறங்கிவிட்டார். மூன்று தவணையாக மொத்தம் 14 ட்ரிப்ஸ் ஏறியிருக்கிறது, எண்ணி வைத்திருக்கிறார். முதல் இரண்டு தவணை மருத்துவமனையில், விறைப்பான பிளாஸ்டிக் பாட்டிலில். மூன்றாவது தவணைக்கு மருத்துவமனை அனுப்பிய நர்ஸ் வீட்டுக்கே வந்து ஏற்றினார். அப்போது வந்தது தொளதொளவென்ற பை. வெளியுறையைப் பிரித்தபோது உள்பக்கம் ஈரம் கோத்திருந்ததாம், பையும் புகை படிந்த மாதிரி மங்கலாக இருந்ததாம். இன்னொரு நாள் திரவமே மஞ்சளாக இருந்ததாம்.

அன்றிரவு கணவர் ஒரு வீடியோவைக் காட்டியிருக்கிறார். ட்ரிப்ஸ் பையின் பிளாஸ்டிக் கரைந்து ரத்தத்தில் கலக்கிறது, வயிற்றில் இருப்பது ஆண் குழந்தை என்றால் உறுப்பு வளர்ச்சியே கெட்டுப்போகும் என்று அதில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். ‘இனிமேல் ட்ரிப்ஸே வேண்டாம், கண்ணாடி பாட்டில் இருந்தால் மட்டும் ஏற்றட்டும்’ என்பது கணவரின் கட்சி. நர்ஸிடம் கேட்டால் ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா’ என்ற பதில். மருமகளின் கை சில்லிட்டுப் போகிறதே என்று மாமியார் பையை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சூடாக்கிக் கொடுத்திருக்கிறார்.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் நாலு வரி: அம்மாவுக்கு 58 வயது, மார்பகப் புற்றுநோய். அடுத்த வாரம் பேக்லிடாக்சல் என்ற மருந்தை வாரம் ஒருமுறை ட்ரிப்ஸில் தரப்போகிறார்கள். ‘அதையும் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா டாக்டர்? இதுவரை எனக்கு ஏறியது குழந்தையைப் பாதித்திருக்குமா? எங்களிடம் சொல்லாமல் ஏற்றியதற்கு மருத்துவமனை மேல் கேஸ் போட முடியுமா?’

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்கு ஏறிய 14 ட்ரிப்ஸைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அம்மாவின் மருந்தைப் பற்றி நாலு வரி. பைக்கும் ரசாயனத்துக்கும் உள்ள சம்பந்தத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், நீங்கள் துருவித் துருவிக் கேட்க வேண்டியது அந்த நாலு வரியைப் பற்றித்தான். உங்கள் ட்ரிப்ஸை நிறுத்தக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், உங்கள் கணவர் சொன்னது கட்டுக்கதை இல்லை. வீடியோக்காரர் அதை ஊதிப் பெருக்கியிருக்கிறார், அவ்வளவுதான். பிவிசி என்கிற பிளாஸ்டிக் இயல்பில் விறைப்பானது; தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படுத்துகிறார்களே, அதேதான். அதைப் பையாகவும் வளையும் டியூபாகவும் ஆக்க எண்ணெய் மாதிரி ஒரு பொருளைக் கலக்கிறார்கள். டிஇஎச்பி என்பது அதன் சுருக்கப் பெயர், தாலேட் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு மென்மையான பிவிசி பையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதுவாக இருக்கலாம். பிளாஸ்டிக்கோடு இது வேதியியல் பிணைப்பு எதுவும் போட்டுக்கொள்வதில்லை, இடுக்கில் தங்கியிருக்கிறது. அதனால் வெளியேறவும் செய்யும். கரைவது பிளாஸ்டிக் இல்லை, அதை மிருதுவாக்கப் போட்ட எண்ணெய்தான் மெல்ல நகர்ந்து வருகிறது.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே கையில் பார்த்தேன். பயிற்சி மருத்துவராக இருந்தபோது நோயாளியின் மூக்கு வழியாக இரைப்பைக்கு உணவு செலுத்தும் பிவிசி டியூபை மாற்றுவது என் வேலை. போடும்போது விரலில் சுற்றிக்கொள்கிற அளவுக்கு வளையும். ஒரு வாரம் கழித்து உருவினால் வயர் மாதிரி விறைத்துக்கொண்டு வரும். ‘இது ஏன் இப்படி ஆகிறது?’ என்று கேட்டதற்கு சீனியர், ‘பழசாகிடுச்சு, அவ்வளவுதான்’ என்றார். பழசாகவில்லை. மிருதுவாக்கிய எண்ணெயை உணவில் இருந்த கொழுப்பு உறிஞ்சி எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதே டியூப் ஒரு வாரம் வெறும் தண்ணீரில் கிடந்திருந்தால் அப்படி விறைத்திருக்காது.

உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அந்த டியூபிலேயே இருக்கிறது. டிஇஎச்பி கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரைய மறுக்கும். ஆகவே பை எதனால் ஆனது என்பதோடு கேள்வியை நிறுத்திவிடக் கூடாது. உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு நேரம் இருந்தது, எவ்வளவு சூட்டில் இருந்தது, யாருக்கு ஏறுகிறது என்று நான்கையும் சேர்த்துக் கேட்க வேண்டும். உங்களுக்கு ஏறியது சலைன். உப்புத் தண்ணீர்.

உங்கள் ட்ரிப்ஸில் எவ்வளவு வந்திருக்கும்?

இந்தக் கணக்கை அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2001-ல் போட்டுப் பார்த்தது. சலைன், டெக்ஸ்ட்ரோஸ், ரிங்கர் லாக்டேட் போன்ற சாதாரணத் திரவங்கள் பிவிசி பையிலிருந்து ஏறும்போது, பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 0.005 மில்லிகிராம் டிஇஎச்பி சேரலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. ரத்தக்குழாய் வழியாகத் தாங்கக்கூடிய அளவு என்று அவர்கள் வைத்தது கிலோவுக்கு 0.6 மில்லிகிராம். உங்கள் 49 கிலோவுக்குப் பெருக்கினால், சேருவது கால் மில்லிகிராம், தாங்கக்கூடியது சுமார் 29 மில்லிகிராம்.

‘அது பழைய கணக்காச்சே’ என்று கேட்டால், நியாயமான கேள்விதான். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல் வாய்வழியாகச் சேரும் தாலேட்டுகளுக்கு வைத்த வரம்பு இதைவிடக் கறார்: கிலோவுக்கு 0.05 மில்லிகிராம். வாய்வழி வரம்பை ரத்தக்குழாய்க்கு அப்படியே பொருத்துவது சரியான முறை இல்லைதான். இருந்தாலும் கறாரான கோலை எடுத்து அளந்தாலும் உங்கள் ட்ரிப்ஸ் அதில் பத்தில் ஒரு பங்குதான் வருகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். 14 ட்ரிப்ஸில் பெரும்பாலானவை பாட்டிலில் வந்தவை. விறைப்பாக, தானே நிமிர்ந்து நிற்கும் அந்தப் பாட்டில்கள் பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரொப்பிலீனில் செய்வது வழக்கம். இவற்றை மிருதுவாக்க டிஇஎச்பி தேவையில்லை. பாட்டிலிலிருந்து கை வரை வரும் டியூப் பிவிசியாக இருந்திருக்கலாம், ஆனால் அதில் திரவம் தங்கும் நேரம் குறைவு.

ஆண் குழந்தை பற்றிய பயத்துக்கு வருவோம். இதற்கு அடிப்படை இருக்கிறது, அதை மறைத்து உங்களைச் சமாதானப்படுத்த எனக்கு விருப்பமில்லை. கருவுற்ற எலிகளுக்கு அதிக அளவில் டிஇஎச்பி கொடுத்தால் ஆண் குட்டிகளின் இனப்பெருக்க உறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படுகிறது. ஆண் ஹார்மோன் உருவாவதை அது தடுக்கிறது. மனிதக் கருவில் அந்த வளர்ச்சிக்கு முக்கியமான காலம் ஏறத்தாழ 8 முதல் 14 வாரம் வரை என்று கருதுகிறார்கள். நீங்கள் அதன் நடுவில் இருக்கிறீர்கள். அதனால்தான் எஃப்டிஏ 2002-ல் மருத்துவர்களுக்கு எழுதிய அறிவிப்பில், ஆண் சிசுக்கள், ஆண் கருவைச் சுமக்கும் தாய்மார்கள், பருவம் எய்தும் வயதுப் பையன்கள் ஆகியோருக்கு அதிக அளவு சேரக்கூடிய சிகிச்சைகளில் மாற்றுக் கருவிகளை யோசிக்கச் சொன்னது. அதிக அளவு என்று அவர்கள் பட்டியலிட்டவை எவை தெரியுமா? பிறந்த குழந்தைக்கு ரத்தத்தையே மாற்றி ஏற்றுவது, இதய நுரையீரல் வேலையை வெளியே இயந்திரத்தில் ஓட்டும் எக்மோ, சிசுவுக்குக் கொழுப்புக் கலந்த முழு ஊட்டத்தை ரத்தக்குழாய் வழியே தருவது, கர்ப்பிணிக்கு டயாலிசிஸ். சலைன் ட்ரிப்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை. சலைன், டெக்ஸ்ட்ரோஸ் பைகளால் வரும் ஆபத்து மிகக் குறைவு அல்லது இல்லை என்றே அதே அறிவிப்பு சொல்கிறது.

இதுவரை ஏறியது உடம்பில் தேங்கிக்கிடக்குமோ என்ற கவலையும் வேண்டாம். டிஇஎச்பி உடம்பில் உடைந்து, பெரும்பகுதி ஓரிரண்டு நாளில் சிறுநீரில் போய்விடும். அதற்கென்று பரிசோதனை எடுக்கவோ, ‘நச்சு நீக்கும்’ பானம் எதையாவது குடிக்கவோ தேவையில்லை. குடித்தாலும் உங்களுக்குத் தங்காது, பாவம்.

பயந்த சில விஷயங்கள், பயப்படாமல் விட்ட ஒன்று

பை மங்கலாக இருந்தது ரசாயனம் இல்லை. நீராவியில் 121 டிகிரி வரை சூடாக்கிக் கிருமி நீக்கும்போது பிவிசி கொஞ்சம் ஈரத்தை உள்வாங்கி வெளுத்துப்போகும், அப்புறம் நாளாவட்டத்தில் தெளியும். வெளியுறைக்குள் கோத்திருந்த ஈரமும் அப்படித்தான். பிவிசி வழியாக நீராவி மெதுவாக வெளியேறும், அதைத் தடுக்கத்தான் அந்த வெளியுறையே. ஆனால் பிளாஸ்டிக் மங்கலாக இருப்பது வேறு, உள்ளே திரவம் கலங்கியிருப்பது வேறு. பையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். திரவத்தில் துகளோ இழையோ மிதந்தால், அல்லது பையை அழுத்தும்போது எங்காவது கசிந்தால், அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மஞ்சளாக இருந்த நாளில் அநேகமாக வைட்டமின் ஊசி கலந்திருப்பார்கள். அந்த நிறம் ரைபோஃபிளேவின் என்ற பி2 வைட்டமினுடையது. அப்புறம் உங்கள் சிறுநீரும் பளிச்சென்ற மஞ்சளில் போயிருக்கும். பலவகை வைட்டமின் ஊசியில் கொழுப்பில் கரையும் வைட்டமின்களும் இருந்தால், அவற்றைத் தண்ணீரில் கலக்க வைக்க சோப்பு மாதிரி வேலை செய்யும் பொருள் ஒன்றையும் சேர்த்திருப்பார்கள். அது டிஇஎச்பியையும் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும். அதனால் அத்தகைய ஊசியைத் தொங்கவிடும் நேரத்தில்தான் கலக்க வேண்டும், காலையிலேயே கலந்து மேசைமேல் வைத்துவிடக் கூடாது.

கண்ணாடி பாட்டில். உங்கள் கணவர் கேட்டது எனக்குப் புரிகிறது, கண்ணாடி என்றால் சுத்தம் என்று நமக்கு ஒரு நினைப்பு. ஒரு காலத்தில் எல்லாம் கண்ணாடிதான். அது சுருங்காது என்பதால், திரவம் இறங்க உள்ளே காற்று போக வேண்டும். காற்றோடு கிருமியும் போகலாம், காற்றுக் குமிழி ரத்தக்குழாய்க்குள் போகும் ஆபத்தும் உண்டு. 1970-71ல் அமெரிக்காவில் பல மருத்துவமனைகளில் ஒரே நேரத்தில் நோயாளிகளின் ரத்தத்தில் கிருமி பரவியது. தேடிப் பார்த்தால் பாட்டில் மூடியில் வந்து நின்றது. கண்ணாடியிலிருந்தும் பொருள் கசியும். சில ஊசி மருந்துகளில் கண்ணாடியிலிருந்து சேரும் அலுமினியம் குறைமாதச் சிசுக்களுக்குப் பிரச்சினை என்பதால் அதற்குத் தனி வரம்பே வைத்திருக்கிறார்கள். எதையும் விடாத, எதையும் எடுக்காத பாத்திரம் என்று ஒன்று கிடையாது. சொல்லப்போனால் பிவிசி பை மருந்தைக் குடிக்கவும் செய்யும்: நைட்ரோகிளிசரின் என்ற இதய மருந்து போன்றவை பையின் சுவருக்குள்ளேயே போய், நோயாளிக்குக் கிடைக்கிற அளவு குறைந்துவிடும்.

வீடியோவில் பிபிஏ என்று ஒரு பெயரும் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது பாலிகார்பனேட் போன்ற விறைப்பான பிளாஸ்டிக்குகளோடு வரும் சங்கதி, ட்ரிப்ஸ் பையோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்போது, நீங்கள் பயப்படாமல் விட்டது. மாமியார் வெந்நீரில் வைத்த பை. அன்பால் செய்தார், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் நீங்கள் எதற்குப் பயந்தீர்களோ அதைக் கூட்டுவது சூடுதான். அது போக, பையின் வாய் இருக்கும் பகுதி பாத்திரத் தண்ணீரில் நனைந்தால் கிருமி போக வழி, ஒரு பக்கம் மட்டும் கொதித்திருந்தால் அந்தச் சூட்டோடு ரத்தத்தில் இறங்கும். ட்ரிப்ஸைச் சூடாக்க வேண்டிய நிலை வந்தால் மருத்துவமனையில் அதற்கென்று வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவி உண்டு. வீட்டில் அறை வெப்பமே போதும். கை சில்லிட்டால் போர்வையைப் போர்த்துங்கள், ஏறும் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். ட்ரிப்ஸ் பெட்டியை வெயில் படும் ஜன்னலோரமோ காரின் டிக்கியிலோ வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ட்ரிப்ஸை நிறுத்தினால் என்ன ஆகும்

கர்ப்பத்துக்கு முன்பிருந்த எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அது சாதாரண மசக்கை இல்லை என்பது எங்கள் கணக்கு. நீங்கள் 9 சதவீதத்தைத் தாண்டிவிட்டீர்கள். இந்த நிலையில் ட்ரிப்ஸை நிறுத்தினால் உடலில் நீர் வற்றும், பொட்டாசியம் இறங்கும், ரத்தம் கட்டியாகி காலில் உறையும் வாய்ப்பு கூடும். கர்ப்பத்தில் அந்த வாய்ப்பு ஏற்கெனவே அதிகம்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது தயாமின் என்ற பி1 வைட்டமின். உடம்பில் அதன் இருப்பு சில வாரங்களுக்குத்தான் வரும். ஐந்து வாரமாக நீங்கள் எதையும் தக்கவைக்கவில்லை. தயாமின் வற்றிய உடம்பில் முதலில் டெக்ஸ்ட்ரோஸை ஏற்றினால், அந்தச் சர்க்கரையைச் செரிக்கவே மிச்சமிருந்த தயாமினும் போய் மூளை பாதிக்கப்படலாம். வெர்னிக்கி என்று அந்த நோய்க்குப் பெயர். பார்வை இரண்டாகத் தெரிவது, நடையில் தள்ளாட்டம், குழப்பம் என்று தொடங்கும். சிகிச்சை தாமதமானால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போகும். அடுத்த முறை ட்ரிப்ஸ் ஏற்ற வரும்போது பையைப் பற்றிக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: ‘எனக்குத் தயாமின் போட்டாகிவிட்டதா? டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றுவதற்கு முன்னாடி போடுகிறீர்களா?’ கூச்சப்படாமல் கேளுங்கள். ரசாயனத்தைப் பற்றிக் கேட்டால் முகம் சுளிக்கிறவர்கள்கூட இதைக் கேட்டால் நின்று பதில் சொல்வார்கள்.

சரி, ட்ரிப்ஸும் வேண்டும், டிஇஎச்பியும் வேண்டாம் என்றால்? அது நடக்கக்கூடிய காரியம்தான். பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன் பாட்டில்கள் இருக்கின்றன, பிவிசி இல்லாத பல அடுக்குப் பைகள் இருக்கின்றன, டியூபிலும் வேறு மிருதுவாக்கி போட்ட ரகம் உண்டு. உறையில் ‘டிஇஎச்பி ஃப்ரீ’ அல்லது ‘நான் பிவிசி’ என்று அச்சிட்டிருக்கும். தாலேட் இருக்கிறது என்பதைக் காட்ட பி, எச், டி (PHT) என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் போட்ட ஒரு குறியும் சில உறைகளில் இருக்கும். டாக்டர் பட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். ‘முடிந்தால் இந்த ரகம் கொடுங்கள்’ என்று கேட்பது உங்கள் உரிமை. கர்ப்பிணி என்பதால் கேட்பதற்கு நியாயமும் இருக்கிறது. ஆனால் இல்லை என்று சொன்னால், இருக்கிற பையிலேயே ஏற்றிக்கொள்ளுங்கள். மாற்று ரகம் வரட்டும் என்று ஒரு நாள் காத்திருப்பதில் உள்ள ஆபத்து கால் மில்லிகிராமைவிட ரொம்பப் பெரியது.

24 மணி நேரம் எதுவும் தங்கவில்லை, 8 மணி நேரம் சிறுநீர் போகவில்லை, எழுந்தால் தலை சுற்றிக் கண் இருட்டுகிறது, பேச்சிலோ பார்வையிலோ நடையிலோ மாற்றம், ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது. இதில் எது வந்தாலும் வீட்டுக்கு நர்ஸ் வரக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இனி, அம்மா

பேக்லிடாக்சல் தண்ணீரில் கரையாது. அதைக் கரைக்க கிரெமோஃபார் என்ற, ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். கொழுப்பையும் தண்ணீரையும் சேர்த்துவைக்கிற பொருள் அது. பிவிசி பையில் ஊற்றினால் டிஇஎச்பியைச் சும்மா விடுமா? முன்பு சொன்ன எஃப்டிஏ கணக்கிலேயே, இப்படிக் கரைப்பான் கலந்த மருந்துகளை விதிப்படி கொடுத்தால் கிலோவுக்கு 0.04 மில்லிகிராம் சேரும்; கலந்து அறை வெப்பத்தில் 24 மணி நேரம் வைத்துவிட்டால் 1.5 மில்லிகிராம். தாங்கக்கூடியது 0.6 என்று சொன்னேனே, அதைத் தாண்டிவிடுகிறது. உங்கள் சலைனோடு ஒப்பிட்டால் 300 மடங்கு.

இது புதிதாகக் கண்டுபிடித்த ரகசியம் இல்லை. மருந்தோடு வரும் குறிப்புத் தாளிலேயே அச்சிட்டிருக்கிறது: பிவிசி பையில் கலக்காதே, கண்ணாடி, பாலிப்ரொப்பிலீன் பாட்டில் அல்லது பாலியோலெஃபின் பையில் கலந்து, உள்பக்கம் பாலிஎத்திலீன் பூசிய டியூப் வழியாக, 0.22 மைக்ரானுக்கு மேற்படாத ஃபில்டர் வைத்து ஏற்று. பாருங்கள், இந்த ஒரு இடத்தில் உங்கள் கணவர் கேட்ட கண்ணாடி பாட்டில் சரியான பதில்.

அம்மாவுக்கு 58 வயது. தாலேட்டைப் பொறுத்தவரை கருவோ சிசுவோ போல எளிதில் பாதிக்கப்படும் பிரிவில் அவர் இல்லை. ஒருமுறை தவறுதலாகச் சாதாரண பையில் ஏறினாலும் உடனே எதுவும் ஆகிவிடாது. எலிகளில் கல்லீரல் கட்டி வந்ததை வைத்து உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை டிஇஎச்பியை ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியமுள்ளது’ என்ற பிரிவில் வைத்திருக்கிறது. வீடியோக்காரர் இதைப் பிடித்துக்கொண்டுதான் ‘புற்றுநோய்க்கு மருந்து என்று புற்றுநோயையே ஏற்றுகிறார்கள்’ என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த வசனத்தை நம்பி பேக்லிடாக்சலை நிறுத்தினால், இல்லாத ஆபத்துக்குப் பயந்து இருக்கிற கட்டியை வளரவிடுகிற கதையாகிவிடும். மருந்து வேண்டும். சரியான பாட்டிலில், சரியான டியூபில் வேண்டும்.

ஆகவே முதல் நாள் கீமோ பிரிவின் மருந்தாளரையோ பொறுப்பு நர்ஸையோ தனியாகப் பார்த்துக் கேளுங்கள்: மருந்து சாதாரண பேக்லிடாக்சலா, ஆல்புமின் என்ற புரதம் சேர்த்ததா? எதில் கலக்கிறீர்கள்? டியூப் பிவிசி இல்லாத ரகமா, ஃபில்டர் இருக்கிறதா? எத்தனை மணிக்குக் கலந்தது? ஆல்புமின் சேர்த்த ரகம் என்றால் அதில் கிரெமோஃபார் கிடையாது, தனிப் பை தனி டியூப் எல்லாம் தேவைப்படாது. டாக்டர் மருந்தை மாற்றி டோசிடாக்சல் எழுதினாலும் இதே கேள்விகளைக் கேட்கலாம். அதில் பாலிசார்பேட் 80 என்ற இன்னொரு கரைப்பான் இருக்கிறது, அதுவும் டிஇஎச்பியை இழுக்கும். நல்ல கீமோ பிரிவில் இதையெல்லாம் நீங்கள் கேட்காமலே செய்திருப்பார்கள். நான் வேலை பார்த்த ஓரிடத்தில், தொங்கவிட்டிருந்த பையைப் பார்த்த மருந்தாளர் ஓடிவந்து நிறுத்திக் கழற்றியதை நேரில் பார்த்திருக்கிறேன். ஏற்ற எழுதிக்கொடுத்த எங்களில் ஒருவரும் அதைக் கவனித்திருக்கவில்லை. அன்று கூச்சமாகத்தான் இருந்தது.

கேஸ் போடலாமா?

நான் வக்கீல் இல்லை, மருத்துவராகத் தோன்றுவதைச் சொல்கிறேன். அனுமதி பெற்ற பிவிசி பையில் சலைன் ஏற்றியது அலட்சியம் ஆகாது. உலகம் முழுக்க அப்படித்தான் நடக்கிறது. நிலைமை மாறிக்கொண்டிருப்பது உண்மை. பிரசவம், சிசு, குழந்தைகள் பிரிவுகளில் டிஇஎச்பி உள்ள டியூப்களை ஃபிரான்ஸ் 2015-லேயே நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.1 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஏன் என்று தயாரிப்பாளர் விளக்கம் தந்து உறையில் குறிப்பிட வேண்டும். கலிஃபோர்னியா 2024-ல் இயற்றிய சட்டப்படி 2030 முதல் டிஇஎச்பி உள்ள ட்ரிப்ஸ் பைகளும், 2035 முதல் டியூப்களும் அங்கே விற்க முடியாது. மாற்று கிடைக்கிறபோது எதற்கு இது என்ற யோசனையில் வந்த சட்டங்கள் இவை. நேற்று ஏற்றியவரைக் குற்றவாளி ஆக்குவதற்காக வந்தவை இல்லை.

இதே கலிஃபோர்னியா சட்டம் ரத்தப் பைகளை விட்டுவிட்டது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்த ரத்தத்தில் மிருதுவாக்கி கலந்திருப்பதை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜேகரும் ரூபினும் 1970-லேயே எழுதினார்கள். பிறகு பார்த்தால், அதே டிஇஎச்பி சிவப்பணுக்களின் மேலுறையில் ஒட்டிக்கொண்டு அவை உடையாமல் காக்கிறது என்று தெரிந்தது. ரத்தத்தை 42 நாள் வரை சேமிக்க முடிவதில் அதற்கும் பங்குண்டு. பிரசவத்தின்போது ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால், ‘இதிலும் அது இருக்கிறதே’ என்று தயங்க வேண்டாம்.

உங்கள் மனக்குறை நியாயமானது என்றால் அது பையைப் பற்றியது இல்லை, ‘ஒண்ணும் ஆகாதும்மா’ என்ற பதிலைப் பற்றியது. உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்க வேண்டும், சிகிச்சைக் குறிப்பின் நகல் கிடைக்க வேண்டும். அதைக் கேட்டு எழுத்தில் ஒரு விண்ணப்பம் கொடுங்கள். அம்மா விஷயம் வேறு. மருந்தின் குறிப்பிலேயே கூடாது என்று இருப்பதைக் கேட்டுச் சொன்ன பிறகும் மாற்ற மறுத்தால், அங்கே புகார் கொடுக்க இடமிருக்கிறது. முதலில் மருத்துவமனை நிர்வாகத்திடம், தேவைப்பட்டால் ஒரு வக்கீலின் ஆலோசனையோடு அதற்கு மேலே.

அம்மாவின் முதல் ட்ரிப்ஸ் அன்று உங்களால் போக முடியாவிட்டால் கணவரை அனுப்புங்கள். இவ்வளவு அக்கறையோடு தேடிப் படிக்கிறவர், இந்த வேலைக்குப் பொருத்தமானவர் அவர்தான். பை, டியூப், ஃபில்டர் மூன்றின் உறையையும் ஃபோட்டோ எடுத்து வரச் சொல்லுங்கள். எதிலாவது சந்தேகம் இருந்தால் அந்தப் படங்களை எனக்கு அனுப்பலாம். உங்கள் தயாமின் கேள்விக்கு என்ன பதில் வந்தது என்பதையும் கூடவே எழுதுங்கள்.